சஹனில் என் பக்கம்

சுபஹ் தொழுதுவிட்டு வீதியில் நடப்பது நானும் கழுதைகளும்தான். கழுதைகளை யாரும் மறித்து ஏறச் சொல்வதில்லை. அப்போதெல்லாம் என்னைச் சொல்வார்கள். வெங்காய மூட்டை ஏற்றிய லொறி நிற்கும். மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் நிற்கும். பாலாவிப் பக்கம் போகிற முதல் பஸ்கூட என்னைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, நான் கையை ஆட்டி மறுத்த பிறகுதான் போகும். மோட்டார் சைக்கிள் பழுதா என்று கேட்பார்கள். வீட்டில் சண்டையா என்று கேட்பதற்குப் பதிலாக என் மனைவியைச் சொல்லி மச்சி சுகமா என்று கேட்பார்கள். சும்மா நடக்கிறேன் என்றால் முகம் சுருங்கும். கற்பிட்டியில் சும்மா நடக்கிற மனிதனுக்கு ஏதோ கோளாறு.

அந்த அன்பின் மீது எனக்கு வெறுப்பு உண்டு. கச்சான் காற்று மண்ணை அள்ளிக் கண்ணில் அடிக்கும்போதுகூட அந்தக் காற்றின் மீது கோபம் வருவதில்லை, அது என்னை ஏறச் சொல்லவில்லை, தின்னச் சொல்லவில்லை, ஏன் மெலிந்துபோனாய் என்று என் கன்னத்தைத் தடவிப் பார்க்கவில்லை. மனிதர்கள்தான் செய்தார்கள். இரண்டரை வருடம் செய்தார்கள். அவர்களில் முதலாவது ஆள் என் மனைவியின் மூத்த சகோதரர், என் பெரிய மச்சான். அடுத்த வளவு அவருடையது. இரண்டு வளவுக்கும் நடுவே உள்ள மதிலில் ஓர் ஆள் நுழையுமளவு இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியால் ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது மூடிய சாப்பாட்டுப் பீங்கான் வரும்.

நூற்று முப்பத்தெட்டுக் கிலோ இருந்தேன். வலைக் கடையில் கதிரைக்குப் பதிலாக நீளமான பலகை வாங்கில் ஒன்று போட்டு அதில் இருந்து வியாபாரம் செய்தேன். நைலோன் உருண்டையை மேல் தட்டிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் வாங்க வந்தவரே ஏறி எடுப்பார். சீனி வருத்தம், சர்க்கரை நோய், பத்து வருடம். வலது கால் பெருவிரலில் செருப்பு வெட்டிய சின்னப் புண் எட்டு மாதம் ஆறாமல் கிடந்தது. என் வாப்பா முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லாமல் மௌத்தாகி மண்ணுக்குள் போனவர். அவருடைய புண்ணும் பெருவிரலில்தான் தொடங்கியது. கொழும்பில் வைத்தியர் என் விரலைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பற்றிப் பேசினார். இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிடலாம், மிச்சம் ஒரு வாழைப்பழ அளவு இருக்கும், எடை இறங்கினால் சீனி இறங்கும், சீனி இறங்கினால் விரல் தப்பும் என்றார். வாப்பாவின் சாரனின் ஒரு பக்கம் வெறுமையாகக் காற்றில் ஆடுவதை நான் பார்த்திருக்கிறேன். சரி என்றேன்.

ஊருக்கு வேறு கதை சொன்னேன். பித்தப்பையில் கல் என்று. இதை யோசித்தது நான், என் மனைவி இல்லை. பித்தப்பைக்கும் இதே மாதிரி வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள்தான் போடுவார்களாம், தழும்பு பார்த்து ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது. என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. பெரிய மச்சானை அவள் நானா என்பாள். நானாவுக்கு மட்டும் சொல்லிவிடுவோம் என்றாள். வேண்டாம் என்றேன். வாயைக் கட்டத் தெரியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டான் என்று அவர் சந்தியில் வைத்துச் சொல்வார் என்று பயந்தேன். அல்லாஹ் தந்த உறுப்பை வெட்டி எறிந்தவன் என்ற பேச்சும் வரும். கல் என்றால் மரியாதை. கல் யாருக்கும் வரும்.

அந்தப் பொய் என்னைச் சுற்றி வலைபோல விழும் என்று வலை விற்கிற எனக்குத் தெரியவில்லை.

கல் எடுத்த நோயாளியைத் தேற்ற வேண்டும். அதுதான் எங்கள் ஊர்ச் சட்டம். முதல் வாரத்தில் வீடு மால்ட் டின்களாலும் திராட்சைப் பழத்தாலும் பிஸ்கட் பெட்டிகளாலும் நிரம்பியது. நான் கரண்டியால் தண்ணீரை ஒவ்வொரு மிடறாக அளந்து குடித்துக்கொண்டிருந்தேன். மதில் இடைவெளியால் நெஞ்செலும்பு சூப் வந்தது, பிறகு கோழி ஆணம், பிறகு நெய்ச்சோறு. வந்த பீங்கான் வெறுமையாகத் திரும்பிப் போகக் கூடாது, அது இன்னொரு சட்டம். என் மனைவி அதில் ஏதாவது வைத்து அனுப்புவாள், அதற்குப் பதிலாக மறுபடி பீங்கான் வரும். ஒரு வருடம் முழுக்க அந்த மதிலின் ஊடாக உணவு ஓர் எறும்பு வரிசையைப்போல ஊர்ந்துகொண்டே இருந்தது. தின்னாத என் வீட்டுக்குத்தான் அந்த வரிசை.

எடை இறங்கியது. பத்து, இருபது, முப்பது, நாற்பத்தாறு. இன்சுலின் ஊசி நின்றது. விரலில் புண் மூடி, குழந்தையின் தோல்போல ஓர் இளஞ்சிவப்புத் தோல் வந்தது. நான் தினமும் காலையில் அந்தத் தோலைத் தொட்டுப் பார்ப்பேன். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு ஆசையோடு பார்த்த பொருள் வேறில்லை. ஊரும் என்னைப் பார்த்தது. கழுத்தெலும்பு தெரிகிறது, கன்னம் ஒட்டிவிட்டது, சட்டை தொங்குகிறது. கல் எடுத்தவன் இப்படி உருக மாட்டான் என்று ஊர் முடிவு செய்தது. கெட்ட வருத்தம் என்றது. அந்த வருத்தத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்லாமல் நெஞ்சைத் தொட்டு, வானத்தைக் காட்டி, தலையை ஆட்டினார்கள். மீன்பிடிக்காரர் ஒருவர் என் கடையில் தூண்டில் வாங்கிக்கொண்டே என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார், முன்னெப்போதோ என்னோடு கோபமாகக் கதைத்ததற்காம். நான் போவதற்கு முன் கணக்குத் தீர்க்கிறார் என்று பிறகுதான் விளங்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பெரிய மச்சான் தன் வீட்டில் நாற்பது பேரைக் கூட்டிக் குர்ஆனில் யாசீன் ஓதுவித்தார். எனக்காக. நான் தூணோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். ஓதி முடிந்து கையேந்தித் துஆ கேட்கும்போது அவருடைய குரல் உடைந்தது. எப்போதும் கைத்தடியால் தட்டி வேலைக்காரரை அதட்டும் மனிதர், தோப்பில் தேங்காய் விழுகிற சத்தத்தை வைத்தே எந்த மரம் என்று சொல்லக்கூடியவர், அன்று என் தங்கச்சியை விதவையாக்கிவிடாதே ரப்பே என்று அழுதார். நாற்பது பேரும் ஆமீன் சொன்னார்கள். நானும் சொன்னேன். என் பொய்க்கு நானே ஆமீன் சொன்னேன். அந்த நேரத்தில் எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிறகு கஞ்சியும் வடையும் வந்தன. நோயாளி என்று எனக்கு இரண்டு கோப்பை.

அவர் மீது வெறுப்பு அங்கேதான் முற்றியது என்று நினைக்கிறேன். ஒருவருக்குத் தீங்கு செய்துவிட்டால் அவரை வெறுப்பது லேசு.

ஆனால் இரண்டாவது வருடத்தில் என்னைக் கவிழ்த்தது அவருடைய பீங்கான் இல்லை. இதை எழுதாவிட்டால் இந்தக் கதையில் மிச்சமெல்லாம் பொய். அறுத்த வயிற்றில் சோறு சீமெந்துபோல இறுகும். நாலு வாய்க்கு மேல் போகாது. மீறினால் நெஞ்சுக்குழியில் ஒரு முட்டல், பிறகு தும்மல். எனக்கு வயிறு நிறைந்ததைச் சொல்வது தும்மல்தான். ஆனால் பிஸ்கட் அப்படி இல்லை. அது கரையும். தேத்தண்ணீரில் தோய்த்தால் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், தும்மல் வராது, வயிறு காவலுக்கு நிற்கிற வாசலில் பிஸ்கட் பூனைபோல நுழைந்து போய்விடும். வருத்தம் பார்க்க வந்தவர்கள் தந்த பெட்டிகளில் ஒன்றைக் கடைக்குக் கொண்டுபோனேன், வருகிறவர்களுக்குக் கொடுக்க என்று. பிறகு அது நைலோன் உருண்டைகளுக்குப் பின்னால் போனது. இஞ்சி பிஸ்கட். காலை பத்து மணிக்கு மூன்று. பதினொரு மணிக்கு மூன்று. நான் தின்னவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் நான் சாப்பிட உட்காரவேயில்லை.

கொழும்பில் கிளினிக்கில் உணவு சொல்லித்தருகிற சிங்களப் பெண் ஒருவர் இருந்தார். ஒல்லியானவர், சிரிக்காதவர், மெதுவான தமிழ். தின்பதை எல்லாம் கொப்பியில் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். முதலில் மீன் அல்லது முட்டை, பிறகு மரக்கறி, இடமிருந்தால் மட்டும் சோறு. சாப்பாட்டோடு தண்ணீர் இல்லை. சின்னப் பீங்கான். ஒவ்வொரு வாயும் கூழாகும் வரை மெல்ல வேண்டும். விற்றமின் மாத்திரை சாகும் வரை. நடை தினமும். நான் கொப்பி நிறைய முட்டையும் மீனும் எழுதிக்கொண்டு போனேன். அவர் கொப்பியைப் பார்த்தார், தராசைப் பார்த்தார். ஐந்தரைக் கிலோ ஏறியிருந்தது.

"பொய் எழுதினா கொப்பிதான் மெலியும்," என்றார். "நீங்க மெலிய மாட்டீங்க."

எனக்கு அவர் மீதும் வெறுப்பு வந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில், உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் குத்திக்கொண்டு போகிற அந்தத் துண்டில், வலது பெருவிரலில் ஊசி குத்துவதுபோல ஒன்று தொடங்கியது. செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். தோல் சரியாகத்தான் இருந்தது. உள்ளே இருந்து குத்தியது. அடுத்த நாள் பாமசியில் இரத்தம் பார்த்தேன். சீனி ஏறத் தொடங்கியிருந்தது. எனக்கு வயிறு இன்னும் ஒரு தடவை வெட்ட மிச்சமில்லை. வாப்பாவின் சாரன் மறுபடி காற்றில் ஆடியது.

அந்த மாதத்தில்தான் பெரிய மச்சானின் மகளுக்கு வலீமா, கல்யாண விருந்து.

சஹன் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் விருந்தில் தனிப் பீங்கான் இல்லை. ஒரு பெரிய தட்டம், அதில் மலைபோலச் சோறு, மேலே கோழி, பக்கத்தில் கத்தரிக்காய், அச்சாறு. சுற்றி ஆறு பேர் பாயில் உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து உண்ண வேண்டும். எல்லாரும் முடிக்காமல் ஒருவர் எழும்பக் கூடாது. அதன் கொடுமை சாப்பிட முடியாத ஒருவனுக்குத்தான் தெரியும். ஆறு பக்கமும் ஒன்றாகக் குடையப்பட்டு மலை இறங்கி வரும். ஒருவன் தின்னவில்லை என்றால் அவன் பக்கம் மட்டும் சுவராக நிற்கும். எவ்வளவு தின்றாய் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. சோறே காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டரை வருடமாக நான் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தேன். நன்றாகத் தின்னக்கூடிய இளந்தாரிகளின் சஹனில் போய் உட்காருவேன். அவர்களுக்கு என் பக்கம் எல்லையில்லை. என் சுவரைப் பத்து நிமிடத்தில் இடித்துவிடுவார்கள். அன்றும் அப்படி ஒரு கூட்டத்தைக் கண்டு உட்காரப் போனேன். பெரிய மச்சான் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தன் பக்கத்தில் இருத்தினார். எதிரே மாப்பிள்ளையின் வாப்பா, மற்ற மூவரும் அவருடைய சொந்தக்காரர்கள், மாம்புரிப் பக்கத்து ஆட்கள். மரியாதைக்காரர்கள். ஒருவரும் அடுத்தவன் பக்கத்தில் கை வைக்காதவர்கள்.

பிஸ்மி சொல்லித் தொடங்கினோம். கோழியில் ஒரு துண்டைப் பிய்த்து மெல்ல மென்றேன். பிறகு ஒரு சின்னக் கவளம். பிறகு ஒன்று. அவர்கள் ஐந்து பேரும் அடிவாரத்துக்கு வந்துவிட்டார்கள். என் பக்கம் நின்றது. அடிமரம் வெட்டிய தோப்பில் ஒற்றைத் தென்னைபோல நின்றது.

பெரிய மச்சான் பார்த்தார். "என்ன மச்சான், உங்கட பக்கம் வேலைக்கு ஆள் வரல்லயா?"

சிரிப்பு. நானும் சிரித்தேன். அவர் கோழிக்காலைப் பிய்த்து என் பக்கத்தில் வைத்தார். நான் வேண்டாம் என்று கையால் மறைத்தேன், சம்மந்தி வீட்டார் முன்னால் கையால் மறைப்பது அழகில்லை என்று உடனே எடுத்துக்கொண்டேன். மாப்பிள்ளையின் வாப்பா, சாப்பாடு சரியில்லையா என்று மெதுவாகக் கேட்டார். அந்த மெதுவான குரல்தான் என்னைத் தள்ளியது. வேகமாக உண்டேன். மெல்லாமல் விழுங்கினேன். ஐந்தாவது வாய், ஆறாவது. தும்மல் வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றேன்.

"யர்ஹமுகல்லாஹ்," என்று ஐந்து பேரும் எனக்கு அருள் வேண்டினார்கள். வேண்டிக்கொண்டே பெரிய மச்சான் நடுவில் மிஞ்சிய சோற்றை என் பக்கம் தள்ளினார். மறுபடி தும்மினேன். மறுபடி அருள். ஏழாவது வாய் நெஞ்சில் நின்றது. கல் விழுங்கியது மாதிரி. வாயில் எச்சில் ஊறி நுரையாக நிறைந்தது. கண்ணில் தண்ணீர். அந்த நேரத்தில் இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தது.

பெரிய மச்சான் கையைத் தட்டத்தில் வைத்தபடியே சம்மந்தியிடம் சொன்னார். குரலைத் தாழ்த்தினார், ஆனால் பாயில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

"மனசில ஒண்டும் வைக்காதீங்க. அவருக்குப் பெரிய வருத்தம் ஒண்டு ஈக்கிது. எங்களுக்கும் ஒளிக்கிறார்."

அந்த நான்கு பேரும் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு மையித்துக்குச் சுற்றுகிற கபன் துணி அளந்துவிட்டார்கள். விரல் குத்தியது. என் மடங்கிய காலுக்கு அடியில், பாயில் அழுந்தி, அந்த இளஞ்சிவப்புத் தோல் குத்தியது. இந்தச் சுவரைத் தின்று முடித்தால் மரியாதை மிஞ்சும், கால் போகும். கையில் இருந்த சோற்றை நான் தட்டத்தில் திரும்ப வைத்தேன். சஹனில் கையிலெடுத்ததைத் திரும்ப வைப்பது எவ்வளவு கேவலம் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும்.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்ல மச்சான்," என்றேன். "கல்லும் இல்ல. மெலியிறதுக்கு வயித்த வெட்டி எடுத்தன். முக்கால்வாசி. இதுக்கு மேல எனக்குப் போகாது."

மாம்புரிக்காரர் ஒருவர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார். பெரிய மச்சானின் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது, ஆனால் அதற்கு முன் வேறொன்று வந்து போனது. அவருடைய முகம் ஒருமுறை உடைந்தது, அந்த வெள்ளிக்கிழமை குரல் உடைந்ததுபோல.

"அப்ப நான் நாப்பது பேர வெச்சி அழுதது?" என்றார்.

நான் எழும்பி, எல்லாருக்கும் முன்னால் எழும்பி, கை கழுவுகிற இடத்துக்குப் போய், சுவரோரம் குனிந்து, ஏழாவது வாயை வெளியே விட்டேன். எனக்குப் பின்னால் சஹனில் என் பக்கம் அப்படியே நின்றிருக்கும். யார் தின்றார்களோ தெரியாது.

மூன்றாம் நாள் பெரிய மச்சான் மதில் இடைவெளியில் தகரம் அடித்தார். ஆணி அறைகிற சத்தம் எங்கள் குசினிக்குள் கேட்டது. என் மனைவி அடுப்படியில் நின்று ஒவ்வொரு அறைக்கும் கண்ணை மூடினாள். அவள் என்னோடு ஒரு கிழமை பேசவில்லை. பிறகு, நானா என்ன கேட்டார் என்பதை மட்டும்தான் ஒருநாள் சொன்னாள். வயிற்றை வெட்டியதைப் பற்றி அவர் கேட்கவில்லையாம். தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றுதான் கேட்டாராம்.

கதை கடைத்தெரு வரை வந்தது. எனக்குப் பட்டப்பெயர் விழுந்தது, அரை வயிறு. காலையில் நடக்கும்போது லொறிக்காரர்கள் இப்போது நிறுத்துவதில்லை. வேகத்தைக் குறைக்காமலே கூப்பிடுவார்கள், அரை வயிறு, நட நட என்று. போனதும் புழுதி எழும்பும், கழுதைகள் காதை ஆட்டும். வெறுப்பாக இருக்கிறது. ஆனால் ஒருவரும் ஏறச் சொல்லவில்லை. முன்பு நாலு இடத்தில் நின்று நாலு பேருக்குப் பதில் சொல்லி முடிக்கிற தூரத்தை இப்போது நிற்காமல் நடந்து முடிக்கிறேன்.

மதிலால் ஒன்றும் வரவில்லை. சின்னப் பீங்கானில் ஒரு முட்டை, ஒரு துண்டுப் பாரை மீன், கீரை. கடையில் பிஸ்கட் பெட்டியை வலை தைக்கிற ஊசிகள் போட எடுத்துவிட்டேன். பிறகு இரண்டு நாள் அடுத்த கடையில் போய் வாங்கித் தின்றேன், அதையும் கொப்பியில் எழுதினேன். இஞ்சி பிஸ்கட் நாலு. கிளினிக் பெண் அதை வாசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். இரண்டு கிலோ இறங்கியிருந்தது. சீனி இறங்கத் தொடங்கியிருந்தது. விரல் சில நாள் குத்தும், சில நாள் குத்தாது.

மூன்று மாதம் கழித்து மாமியின் நினைவு நாளில் ஓதுகிற ஆண்டுக் கத்தம். பெரிய மச்சானின் வீட்டில்தான். செத்தது அவருடைய உம்மா, என் மனைவியின் உம்மா, போகாமலிருக்க முடியாது. மதிலைச் சுற்றி வீதியால் போனேன். யாரும் என்னை வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஓதி முடிந்து சஹன் வைத்தார்கள். ஓரமாக ஒரு சஹனில் ஐந்து பேர் இருந்தார்கள், ஆறாவதாகப் போய் உட்கார்ந்தேன். தட்டம் வரும் வரை தலையைக் குனிந்திருந்தேன்.

பெரிய மச்சான் வந்தார். கையில் சின்னப் பீங்கான் ஒன்று. ஓரத்தில் பூப்போட்ட, பேரப்பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுகிற பீங்கான். அதில் அவித்த முட்டை ஒன்று, எலும்பில்லாத கோழித் துண்டு ஒன்று, இரண்டு கரண்டிச் சோறு. சஹனுக்கு வெளியே, என் முழங்காலுக்கு முன்னால், பாயில் வைத்தார். வைத்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"ஆறாவது ஆள் தேவல்ல," என்றார் மற்ற ஐந்து பேருக்கும். "இவருக்கு இது."

எங்கள் ஊரில் சஹனிலிருந்து ஓர் ஆளைப் பிரித்துத் தனியாகச் சோறு வைப்பதை விடப் பெரிய அடி இல்லை. சிறுபிள்ளைக்கு வைப்பார்கள், தொற்று வருத்தக்காரனுக்கு வைப்பார்கள். அவமானப்படுத்தத்தான் வைத்தார். பக்கத்தில் இருந்தவர் வாயை மூடிச் சிரித்தார். என் காது சுட்டது. எழும்பிப் போயிருப்பேன், தகரத்தை உதைத்துக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பேன், அந்த ஆளோடு மௌத்து வரை முகம் பார்க்காமல் இருந்திருப்பேன்.

பீங்கானைப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. முட்டை முதலில் வரும்படி என் பக்கம் திருப்பி வைத்திருந்தார். தண்ணீர்க் குவளை எல்லாருக்கும் இருந்தது, எனக்கு மட்டும் இல்லை. சாப்பாட்டோடு தண்ணீர் இல்லை என்பது என் மனைவிக்கும் அந்தக் கிளினிக் பெண்ணுக்கும் மட்டும் தெரிந்த விசயம்.

பெரிய மச்சான் போகவில்லை. கைத்தடியை ஊன்றி, பாயோரம், கோபத்தோடு என் தலைக்கு மேல் நின்றார். பீங்கானைத் திரும்ப எடுத்துப் போக நிற்கிறாரா, நான் தின்கிறேனா என்று பார்க்க நிற்கிறாரா தெரியவில்லை. நான் கேட்கவில்லை. அவரிடம் மன்னிப்பும் கேட்கவில்லை, அது இன்னும் என் நெஞ்சில் ஏழாவது வாய்போல நிற்கிறது. முட்டையில் ஒரு விள்ளலை எடுத்தேன். மென்றேன். கூழாகும் வரை மென்றேன். பக்கத்து ஐந்து பேரும் மலையைக் குடைந்து அடிவாரத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். அவர் காலை மாற்றி ஊன்றினார். நான் அவசரப்படவில்லை.